முதல் ஹைட்ரஜன் எரிபொருள் கல வண்டி எது? 1966-ல் ஓடியது ஏன் அப்போதே தெருவுக்கு வரவில்லை?

கேள்வி இது: ஜெனரல் மோட்டார்ஸ் 1966-லேயே ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் ஓடும் வேன் ஒன்றைச் செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அதுதான் உலகின் முதல் வண்டியா? அப்படியானால் அடுத்த முப்பது வருஷம் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

முதல் பாதிக்கு ஒரே பதில் கிடையாது. "முதல்" என்றால் எதில் முதல் என்பதைப் பொறுத்து மூன்று வண்டிகள் வரும். இரண்டாம் பாதியில் ஒரு திருத்தம்: அந்த முப்பது வருஷத்தில் நிறையவே நடந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி வண்டிக்குள் நடக்கவில்லை, மின்முனையின் மேற்பரப்பில் நடந்தது.

ஒரு குழப்பத்தை முதலில் நீக்கிவிடுவோம். ஹைட்ரஜனை எஞ்சினில் எரித்து வண்டி ஓட்டுவது வேறு. சுவிட்சர்லாந்தின் பிரான்சுவா ஐசக் டி ரிவாஸ் 1807-லேயே ஹைட்ரஜனை மின்பொறியால் வெடிக்க வைத்து ஓடும் எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை எரிபொருள் கல வண்டிகளின் வரிசையில் வைப்பது தவறு. எரிபொருள் கலத்தில் எதுவும் எரிவதில்லை. ஒரு மின்முனையில் ஹைட்ரஜன் எலக்ட்ரானை விடுகிறது, மறு மின்முனையில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. இடையில் இருக்கும் மின்பகுளி அயனிகளை மட்டும் கடத்துகிறது. எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாகச் சுற்றிப் போகும்போது மோட்டார் சுழல்கிறது. கணக்குப்படி ஒரு கலத்தில் 1.23 வோல்ட் வர வேண்டும். மின்னோட்டம் எடுக்க ஆரம்பித்தால் 0.7, 0.8 வோல்ட்தான் நிற்கும். அதனால்தான் நூற்றுக்கணக்கான கலங்களைத் தொடராக அடுக்க வேண்டியிருக்கிறது.

இதை முதலில் காட்டியவர்களில் முக்கியமானவர் வில்லியம் குரோவ், 1839-ல். நீர்த்த கந்தக அமிலத்தில் பிளாட்டினத் தகடுகளை நிறுத்தி, ஒன்றின் மேல் ஹைட்ரஜன் குழாய், அடுத்ததன் மேல் ஆக்சிஜன் குழாய் கவிழ்த்தார். 1842-ல் இப்படிப் பல ஜோடிகளை இணைத்து, அந்த மின்சாரத்தைக் கொண்டே தண்ணீரைப் பிரித்தும் காட்டினார். அவர் கண்ட முக்கியமான விஷயம் இது: வாயு, திரவம், உலோகம் மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் வினை நடக்கிறது. தகட்டின் முழுப் பரப்பும் வேலை செய்வதில்லை. திரவம் தகட்டை நனைக்கும் விளிம்பில் இருக்கும் மெல்லிய கோடு மட்டும்தான் வேலை செய்கிறது. எரிபொருள் கல வண்டியின் வரலாற்றை இந்தக் கோட்டை வைத்துப் படித்தால்தான் எல்லாம் விளங்கும். கோட்டை எப்படி நீளமாக்குவது, அது மூழ்கிப்போகாமலும் காய்ந்துபோகாமலும் எப்படிக் காப்பது என்பதே அடுத்த 150 வருஷத்துக்கான வேலையாக இருந்தது.

அதில் முதல் பெரிய முன்னேற்றம் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் என்ற ஆங்கிலேயப் பொறியாளருடையது. 1930-களில் தொடங்கிய வேலை. அமிலத்தை விட்டுக் காரத்துக்கு மாறினார், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். காரத்தில் பிளாட்டினத்துக்குப் பதில் நிக்கல் போதும். மின்முனையைச் சல்லடை மாதிரி நுண்துளை நிக்கலால் செய்தார். அதிலும் இரண்டு அடுக்கு: வாயுப் பக்கம் பெரிய துளைகள், திரவப் பக்கம் சிறிய துளைகள். சிறிய துளை திரவத்தை நுண்புழை விசையால் இறுகப் பிடித்துக்கொள்ளும், பெரிய துளையிலிருந்து வாயு அதைத் தள்ளிவிடும். இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்தில் அந்தக் கோடு அசையாமல் நிற்கும். எளிமையான, மிக அழகான தீர்வு. 1959 ஆகஸ்டில் 40 கலங்கள் கொண்ட 5 கிலோவாட் அடுக்கு ஒன்றை அவர் பொதுவில் காட்டினார். ஃபோர்க்லிஃப்ட், வெல்டிங் கருவி, வட்ட ரம்பம் மூன்றையும் அது ஓட்டியது. ஆனால் சுமார் 200 டிகிரி வெப்பமும் உயர் அழுத்தமும் தூய ஆக்சிஜனும் வேண்டும். வண்டிக்குள் தூக்கிப் போகிற பொருளாக அது இருக்கவில்லை. விண்வெளிக்கு ஒத்துவந்தது. அப்பல்லோ கலங்கள் இந்த வழியில் பிறந்தவை.

அதே வருஷம் அக்டோபரில் அமெரிக்காவின் விஸ்கான்சினில், அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனத்தின் ஹாரி ஐரிக் ஒரு டிராக்டரைக் காட்டினார். தன் எரிபொருள் கலத்தையே சுமந்துகொண்டு நகர்ந்த வண்டி என்று பார்த்தால் இதைத்தான் முதல் இடத்தில் வைக்க வேண்டும். 1,008 கலங்கள். ஒன்பது கலம் ஒரு கட்டாக, மொத்தம் 112 கட்டுகள். மொத்தத் திறன் 15 கிலோவாட், 20 குதிரைத்திறன் மோட்டார், சுமார் 3,000 பவுண்டு இழுவிசை. ஓட்டுநர் கட்டுப்பாடும் கவனிக்க வேண்டியது. கலங்களை நான்கு தொகுதியாகப் பிரித்து, அவற்றைத் தொடராகவோ இணையாகவோ மாற்றிப்போட்டு வோல்டேஜைக் கூட்டிக் குறைத்தார்கள். கியர் பெட்டிக்கு வேலையே இல்லை. ஒரே குறை, எரிபொருள் தூய ஹைட்ரஜன் அல்ல. பெரும்பகுதி புரொப்பேன் கலந்த வாயுக்கலவை. ஆகவே "முதல் எரிபொருள் கல வண்டி" என்றால் இந்த டிராக்டர். "முதல் ஹைட்ரஜன் எரிபொருள் கல வண்டி" என்றால் இது தகுதி பெறாது. இணையத்தில் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். டிராக்டர் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

இனி 1966-ன் வேன். ஹைட்ரஜனில் ஓடிய எரிபொருள் கல வண்டிகளில் முதல் என்றால் இதுதான். பெயர் எலக்ட்ரோவேன். கிரெய்க் மார்க்ஸ் தலைமையில் ஒரு பெரிய குழு ஜிஎம்சி ஹேண்டிவேன் ஒன்றை எடுத்து உள்ளே எல்லாவற்றையும் மாற்றியது. யூனியன் கார்பைடின் காரக் கலங்கள் 32 மாட்யூல்கள். தொடர்ந்து 32 கிலோவாட், சிறிது நேரத்துக்கு 160 கிலோவாட் வரை. 125 குதிரைத்திறன் மோட்டார். ஹைட்ரஜனும் திரவம், ஆக்சிஜனும் திரவம். ஒரு தொட்டி மைனஸ் 253 டிகிரியில், இன்னொன்று மைனஸ் 183 டிகிரியில். மொத்த எடை 7,100 பவுண்டு, அதாவது 3,200 கிலோவுக்கு மேல். அந்த வேனின் சாதாரண எடையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 30 விநாடி. ஒரு முறை நிரப்பினால் 100 முதல் 150 மைல்.

எண்களை மட்டும் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். தரைப்பலகைக்குக் கீழும் பின்பக்கமும் சுமார் 550 அடி நீளக் குழாய். அதில் பாதுகாப்பாகச் சுற்றிவர வேண்டிய காரக் கரைசல் 170 லிட்டர் அளவு. ஏன் சுற்ற வேண்டும்? கலம் ஒரு யூனிட் மின்சாரம் தரும்போது ஏறக்குறைய 400 மில்லி தண்ணீர் பிறக்கிறது. 32 கிலோவாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 13 லிட்டர். அதை வெளியே எடுக்காவிட்டால் கரைசல் நீர்த்துப்போய், துளைகளுக்குள் ஏறி, நான் சொன்ன அந்தக் கோட்டை மூழ்கடித்துவிடும். வெப்பத்தையும் வெளியேற்ற வேண்டும். ஆக பம்ப், குளிர்விப்பான், நீர் பிரிக்கும் கருவி எல்லாம் தேவை.

சுற்றுவதிலேயே இன்னொரு வம்பு ஒளிந்திருக்கிறது. காரக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். எல்லாக் கலங்களுக்கும் ஒரே குழாயிலிருந்து கரைசல் போனால், சில நூறு வோல்ட் வித்தியாசமுள்ள முதல் கலமும் கடைசிக் கலமும் கரைசல் வழியாகவே மறைமுகமாக இணைந்துவிடும். மோட்டாருக்குப் போக வேண்டிய மின்னோட்டம் குழாய்க்குள் வீணாகக் கசியும், குழாய் முனைகளில் உலோகம் அரிக்கும். இதைக் குறைக்க ஒவ்வொரு கலத்துக்கும் போகும் பாதையை நீளமாகவும் ஒடுக்கமாகவும் செய்வார்கள். ஒடுக்கினால் பம்புக்குச் சுமை கூடும். எங்காவது இணைப்பு கசிந்து சொட்டு விழுந்தால், அந்த வோல்டேஜில் பொறி பறக்கும். பக்கத்திலேயே ஹைட்ரஜன். எலக்ட்ரோவேனைக் கிளப்பத் தயார் செய்யவே மணிக்கணக்கில் ஆனது. நிறுவனத்தின் சொந்த வளாகத்துக்கு வெளியே அதை ஓட்டவில்லை. சரியான முடிவு என்றே சொல்வேன்.

காற்றில்தான் ஆக்சிஜன் இருக்கிறதே, திரவ ஆக்சிஜனை ஏன் சுமந்தார்கள்? இந்தக் கேள்விதான் மொத்த விஷயத்தின் முடிச்சு. தூய ஆக்சிஜனில் திறன் அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. 1960-களில் அது காற்றில் 0.03 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அற்பம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 கிலோவாட் கலம், தேவையைப் போல இரு மடங்கு காற்று ஊதுகிறது என்றால் மணிக்கு 16 கனமீட்டர் அளவு காற்று உள்ளே போகும். அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மணிக்குச் சுமார் 24 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் தின்று கார்பனேட் ஆக்கிவிடும். நூறு மணி நேரம் ஓடினால் 2 கிலோவுக்கு மேல். கரைசலின் கடத்தும் திறன் குறைகிறது என்பதோடு நிற்காது. கார்பனேட் மின்முனைத் துளைகளுக்குள் உப்பாகப் படிந்து வாயுவின் வழியையே அடைக்கும். பழைய குழாயில் உப்புக்கறை படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான், ஆனால் மயிரிழையைவிடச் சிறிய துளைகளில். விண்வெளியில் தூய ஆக்சிஜனைக் கொண்டுபோவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. காரக் கலம் நிலாவுக்குப் போய்வந்தும் தெருவில் தடுமாறியது இதனால்தான்.

அதே யூனியன் கார்பைடில் வேலை பார்த்த வியன்னாக்காரர் கார்ல் கோர்டெஷ் இதற்கு ஒரு விடை கண்டார். அவருக்குக் கிடைக்க வேண்டிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். முதலில், 1967-ல், ஹைட்ரசீன் என்ற திரவத்தை எரிபொருளாகக் கொண்ட கலத்தை ஒரு மோட்டார் பைக்கில் பொருத்தி ஓட்டினார். ஹைட்ரசீனைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டு போகலாம், அதுதான் அதன் கவர்ச்சி. ஷெல் நிறுவனமும் அமெரிக்க ராணுவமும் அதே காலத்தில் கார், டிரக் என்று முயன்றன. ஆனால் அது கடும் நச்சு, விலையும் அதிகம். அந்த வழி அத்தோடு மூடியது.

1970-ல் கோர்டெஷ் தன் ஆஸ்டின் ஏ40 காரை மாற்றினார். வடிவமைப்பைக் கவனியுங்கள். பின்னால் 6 கிலோவாட் காரக் கலம், ஹைட்ரஜனும் காற்றும்தான், திரவ ஆக்சிஜன் இல்லை. கூடவே லெட் ஆசிட் பேட்டரிகள். கூரை மேல் ஆறு ஹைட்ரஜன் சிலிண்டர்கள். ஒரு நிரப்பலுக்கு 300 கிலோமீட்டர் வரை. 6 கிலோவாட் ஒரு காருக்குப் போதுமா? சிறிய கார் சமதரையில் மிதமான வேகத்தில் சீராகப் போக ஏறக்குறைய அவ்வளவுதான் வேண்டும். கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும்தான் பல மடங்கு வேண்டும், அதைப் பேட்டரி கொடுக்கும். வண்டி சும்மா நிற்கும்போது கலம் பேட்டரியைத் திரும்ப நிரப்பும். எலக்ட்ரோவேன் உச்ச தேவை முழுவதையும் கலத்தின் தலையில் கட்டியது, அதனால் 3 டன்னைத் தாண்டியது. கோர்டெஷ் சராசரித் தேவையை மட்டும் கலத்திடம் கேட்டார். இன்றைய எரிபொருள் கல கார்களிலும் பேட்டரி இருக்கிறது. அந்த வேலைப் பங்கீடு இந்த ஆஸ்டினிலேயே இருந்தது.

கார்பன் டை ஆக்சைடுக்கு, காற்று உள்ளே வரும் வழியில் சோடா சுண்ணாம்பு வடிகட்டி வைத்தார். அவ்வப்போது மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய யோசனை வண்டியை நிறுத்தும்போது செய்த காரியம்: காரக் கரைசலைக் கலத்திலிருந்து முழுதும் வடித்துத் தனித் தொட்டியில் விட்டுவிடுவார். ஏன் என்றால், கலம் கெடுவது பெரும்பாலும் ஓடும்போது அல்ல, சும்மா நிற்கும்போது. சுமை இல்லாதபோது ஒவ்வொரு கலத்திலும் வோல்டேஜ் உச்சத்தில் நிற்கும். ஆக்சிஜன் பக்கத்துக் கார்பன் மின்முனை அந்த நிலையில் மெல்ல அரிக்கும். கரைசல் வழியாகக் கசியும் மின்னோட்டமும் தொடரும். கரைசலை வடித்துவிட்டால் அயனி நடக்கப் பாதையே இல்லை, எல்லாம் நின்றுவிடும். மறுபடி கிளம்ப வேண்டுமா? பேட்டரியில் காரை நகர்த்திக்கொண்டே கரைசலைப் பம்ப் செய்து ஏற்றலாம். எலக்ட்ரோவேனின் காத்திருப்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒஹாயோ மாநிலத்தில் பொதுச் சாலையில் சில வருஷங்கள் அந்தக் காரை அவர் தன் சொந்த வண்டியாகவே ஓட்டினார். "முதலில் மக்கள் சாலையில் அன்றாடம் ஓடிய ஹைட்ரஜன் எரிபொருள் கல கார் எது" என்று கேட்டால் என் பதில் இந்த ஆஸ்டின்தான்.

அப்படியிருந்தும் கார வழி பெரிய அளவில் தொடரவில்லை. திரவத்தை வடிப்பதும் ஏற்றுவதும், வடிகட்டி மாற்றுவதும் அவர் போன்ற ஒருவர் செய்யலாம். லட்சம் பேருக்கு விற்கும் காரில் அரிக்கும் திரவம் சுற்றக் கூடாது. மின்பகுளி திடமாக இருந்தால்?

அந்த விடை ஏற்கனவே இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் தாமஸ் கிரப் 1955-ல் திரவத்துக்குப் பதில் அயனி கடத்தும் பிளாஸ்டிக் சவ்வைப் பயன்படுத்தினார். லெனார்ட் நீட்ராக் அதன் மேலேயே பிளாட்டினத்தைப் படியவைக்கும் வழியைக் கொண்டுவந்தார். 1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலத்தில் அது பறந்தது. சிக்கல் சவ்வின் ஆயுள். முதல் சவ்வுகள் பாலிஸ்டைரீன் வகை. கலத்துக்குள் உண்டாகும் பெராக்சைடுத் துகள்கள் அதன் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கடித்துச் சிதைத்தன. டூபாண்ட் ரசாயன நிறுவனத்தின் வால்டர் குரோட் 1960-களின் இறுதியில் உருவாக்கிய நாஃபியான் அந்த இடத்தில் கார்பன்-ஃபுளோரின் பிணைப்பை வைத்தது, ஆயுள் பல மடங்கு நீண்டது. இந்தச் சவ்வு அமிலத் தன்மை உள்ளது. அதனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. காரக் கலத்தின் மிகப் பெரிய தலைவலி இதோடு போனது.

போனதற்கு ஈடாக இன்னொன்று வந்தது. அமில ஊடகத்தில் நிக்கல் கரைந்துவிடும், பிளாட்டினம்தான் தாங்கும். அப்போதைய மின்முனைகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் பிளாட்டினம் இருந்தது. ஒரு சதுர சென்டிமீட்டரில் அரை வாட் எடுக்க முடிகிறது என்று வைத்துக்கொண்டால், 50 கிலோவாட் கார் ஒன்றுக்கு 400 கிராம் பிளாட்டினம். காரைவிடக் கலம் விலை அதிகம். இவ்வளவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை மறுபடியும் அந்தக் கோடுதான். திரவம் துளைக்குள் தானாக நுழையும், பிளாஸ்டிக் நுழையாது. சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்தோல் பிளாட்டினம் மட்டும் வேலை செய்தது, மற்றதெல்லாம் வீண்.

லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1977 முதல் வாகனங்களுக்கான எரிபொருள் கல வேலை நடந்துவந்தது. அங்கே இயன் ரெய்ஸ்ட்ரிக் 1980-களின் நடுவில் செய்தது, சொன்னால் சாதாரணமாகத் தெரியும்: சவ்வுக்கான அதே நாஃபியானைக் கரைசலாக்கி மின்முனைக்குள் ஊறவிட்டு, பிறகு சவ்வோடு அழுத்தி ஒட்டினார். கார்பன் தூளில் ஒட்டியிருந்த பிளாட்டினத் துணுக்குகள் பலவற்றுக்கும் இப்போது அயனிப் பாதை கிடைத்தது. குரோவின் கோடு ஒரு கன அளவாக விரிந்தது. பிளாட்டினம் 4 மில்லிகிராமிலிருந்து 0.4 ஆக இறங்கியது. அதே கணக்கில் காருக்கு 40 கிராம். என்னைக் கேட்டால், ஹைட்ரஜன் காரைச் சாத்தியமாக்கிய ஒற்றை நிகழ்வு இதுதான். எந்தக் கண்காட்சியிலும் வைத்துக் காட்ட முடியாத ஒன்று என்பதால் வரலாற்றுக் கட்டுரைகளில் விட்டுப்போகிறது.

அதற்குப் பிறகு வண்டிகள் வேகமாக வந்தன. கனடாவில் ஜெஃப்ரி பல்லார்டின் நிறுவனம், 1983-ல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தந்த ஒப்பந்தத்தோடு சவ்வுக் கல வேலையைத் தொடங்கியது. 1993-ல் வான்கூவரில் 32 அடிப் பேருந்து ஒன்றை ஓட்டியது. 5 கிலோவாட் அடுக்குகள் 24, அழுத்திய ஹைட்ரஜன், சுமார் 160 கிலோமீட்டர். அடுத்த பேருந்தில் 13 கிலோவாட் அடுக்குகள் 20. பயணிகளுக்கான இடம் திரும்பக் கிடைத்தது.

டைம்லர் பென்ஸ் 1994-ல் காட்டிய நெகார் 1, பல்லார்ட் கலங்களோடு வந்த எம்பி 100 வேன். 50 கிலோவாட்டுக்கான கருவிகள் வண்டியின் சரக்கு இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. ஓட்டுநருக்கும் பக்கத்தில் ஒருவருக்கும்தான் இடம். இந்த இடத்தில் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது நீர்க் கணக்கு. சவ்வு ஈரமாக இருந்தால்தான் அயனி கடத்தும். காய்ந்தால் மின்தடை ஏறி அங்கேயே சூடாகி ஓட்டை விழும். ஈரம் மிஞ்சினால் காற்றுப் பக்கக் கால்வாய்களில் நீர்த்துளி அடைத்து அந்தக் கலம் பட்டினி கிடக்கும். தொடரில் ஒரு கலம் பட்டினி கிடந்தால் அடுக்கு முழுதும் சுணங்கும். உள்ளே வரும் வாயுவை ஈரப்படுத்துவதும், வெளியேறும் வாயுவிலிருந்து நீரைப் பிடிப்பதும் கலத்தைவிட அதிக இடம் எடுத்தன.

சிலிண்டரைத் தவிர்க்க மெத்தனாலை வண்டியிலேயே ஹைட்ரஜனாக மாற்றும் முயற்சி நெகார் 3-ல், 1997-ல் வந்தது. சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். மேலும் மாற்றத்தில் வரும் கார்பன் மோனாக்சைடு, பத்து லட்சத்தில் பத்துப் பங்கு அளவிலேயே பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதை மூடிவிடும். கொஞ்சம் காற்றைக் கலந்து அதை எரித்து நீக்கும் தந்திரம் லாஸ் அலமோஸில் ஷிம்ஷோன் காட்டெஸ்ஃபெல்டிடமிருந்து வந்தது. வேலை செய்தது, ஆனால் ஒரு சிறிய ரசாயன ஆலையைக் காரில் சுமக்க யாருக்கும் மனம் வரவில்லை. 2002 டிசம்பரில் டொயோட்டாவும் ஹோண்டாவும் வாடிக்கையாளருக்கு வாடகை ஒப்பந்தத்தில் கொடுத்த முதல் கார்கள் இரண்டும் அழுத்திய ஹைட்ரஜனில் ஓடியவை.

இடையில் 1996-ல் வந்த நெகார் 2-ஐப் படத்தில் பாருங்கள். ஆறு பேர் உட்காரும் வி-கிளாஸ் வேன், கலம் பின் இருக்கைக்கு அடியில் அடங்கிவிட்டது, 250 கிலோமீட்டர் ஓடியது. சுமார் 5 கிலோ ஹைட்ரஜனை 250 பார் அழுத்தத்தில் வைத்திருந்த சிலிண்டர்கள் எங்கே என்று தேடினால், கூரை மேல் இருக்கின்றன. கோர்டெஷ் 1970-ல் வைத்த அதே இடம், அதே காரணம்: காற்றைவிட 14 மடங்கு லேசான வாயு, கசிந்தால் மேலேதான் போகும்.